வீட்டுக்கு டிஷ் வாங்கும் முன்



தோட்டப்புறங்களில் இன்று பழைய லயத்து வீடானாலும், பின்னாளில் கட்டிக் கொடுத்த தனி வீடானாலும், வாசலிலோ கூரை ஓரத்திலோ ஒரு வட்டத் தட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் காண்கிறோம். மலாயில் அதைப் ‘பீரிங்’ என்கிறார்கள். நம்மவர்கள் ‘டிஷ்’ என்றும் ‘அஸ்ட்ரோ தட்டு’ என்றும் சொல்கிறார்கள். எந்தப் பெயரிட்டு அழைத்தாலும், அதற்காக ஒரு குடும்பம் எடுத்து வைக்கும் பணம் வெயிலிலும் மழையிலும் பாடுபட்டுச் சேர்த்த பணம். அதை நிறுத்துவதற்காகக் கூரைமேல் ஏறுகிறவரும் அந்தக் குடும்பத்தின் பிள்ளைதான். ஆகவே, அந்தத் தட்டு என்ன செய்கிறது, எதைப் பார்த்து வாங்க வேண்டும், எங்கே எப்படி நிறுத்த வேண்டும் என்பதை இன்றைய உரையில் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு கேள்வி. உங்கள் வீட்டுக்கு டிஷ் வேண்டுமா?

இப்படிக் கேட்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் கடைக்காரர் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார். நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் பழைய முறைத் தொலைக்காட்சி ஒளிபரப்பு 2019 அக்டோபர் 31ஆம் நாளோடு முழுவதும் நிறுத்தப்பட்டது. அதற்குப் பின் தரைவழியாக வருவதெல்லாம் டிஜிட்டல் ஒளிபரப்பு. இதற்கு மாதச் சந்தா கிடையாது. ஒரு யு.எச்.எஃப். ஏரியலும் ஒரு சிறிய டிஜிட்டல் பெட்டியும் இருந்தால் போதும். புதிய தொலைக்காட்சிகள் பலவற்றில் அந்தப் பெட்டி உள்ளேயே அமைந்திருக்கும். ஆர்.டி.எம். அலைவரிசைகளும், நம் மின்னல் பண்பலை வானொலியும்கூட அதில் வருகின்றன. பிள்ளைகளும் பெரியவர்களும் பார்ப்பது இவ்வளவுதான் என்றால், டிஷ் வாங்கும் செலவே தேவைப்படாது.

ஆனால் தோட்டங்களின் தொல்லை வேறு. தரைவழி ஒளிபரப்பு உயர்ந்த மலைகளின் மேலுள்ள கோபுரங்களிலிருந்து வருகிறது. கெடாவில் ஜெராய் மலை, ஜொகூரில் லேடாங் மலை ஆகியவை நேயர்கள் நன்கு அறிந்தவை. அந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்லும் தன்மையுடையது. நம் வீட்டுக்கும் கோபுரத்துக்கும் இடையே ஒரு குன்று நின்றால் அதன் நிழலில் நாம் அகப்பட்டுக்கொள்கிறோம். எத்தனையோ தோட்டங்கள் இரண்டு மேட்டுக்கு நடுவிலும், முற்றிய செம்பனைக் காட்டுக்குள்ளும் இருக்கின்றன. அங்கே ஏரியலை இருபது அடி, முப்பது அடிக் கம்பத்தில் தூக்கிக் கட்டினாலும் படம் உடைந்து உடைந்துதான் வரும். பக்கத்து வீட்டில் ஏரியல் தெளிவாக வருகிறதா என்று முதலில் போய்ப் பாருங்கள். வந்தால் அதுவே உங்களுக்கும் வழி. வராவிட்டால்தான் டிஷ்ஷின் உதவி தேவைப்படுகிறது.

டிஷ் எந்த மலையையும் பார்ப்பதில்லை. அது பார்ப்பது வானத்தில் நிற்கும் ஒரு செயற்கைக்கோளை.

நிற்கும் என்று சொன்னோம். வானத்தில் ஒரு பொருள் எப்படி விழாமல் நிற்கும் என்று எங்கள் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறார்கள். உண்மையில் அது நிற்கவில்லை. பூமியைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறது. பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு கோள் சுற்றினால், அது ஒரு சுற்றுச் சுற்றி வரும் நேரமும் பூமி தன்னைத்தானே ஒரு முறை சுற்றும் நேரமும் ஒன்றாகிவிடும். இராட்டினத்தில் நமக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் நம்மோடு சேர்ந்தே சுற்றுவதால் நமக்கு அசையாமல் இருப்பதுபோல் தோன்றுகிறார் அல்லவா? அதுபோலத்தான். இந்த உயரத்தில் கோள்களை வைத்தால் உலகம் முழுவதும் செய்தி அனுப்பலாம் என்று 1945ஆம் ஆண்டிலேயே ஆர்தர் கிளார்க் என்ற ஆங்கில எழுத்தாளர் ஒரு கட்டுரையில் விளக்கியிருந்தார். நம் நாட்டுக்கு மீசாட் 1 என்ற கோள் 1996 ஜனவரியில் ஏவப்பட்டது. அந்த ஆண்டில்தான் அஸ்ட்ரோ ஒளிபரப்பும் தொடங்கியது. இன்று அது மீசாட் கோள்கள் நிற்கும் கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகை என்ற இடத்திலிருந்து வருகிறது. அந்த இடம் நமக்கு மேற்கே, இந்தியப் பெருங்கடலுக்கு மேலே இருக்கிறது.

இந்த ஓர் எண்ணிலிருந்து நமக்குத் தேவையான எல்லாம் கிடைக்கிறது. மேற்கு மலேசியாவில் எந்தத் தோட்டத்திலிருந்து பார்த்தாலும் அந்தக் கோள் தரையிலிருந்து 75 முதல் 78 பாகை உயரத்தில் இருக்கும். நேர் உச்சி 90 பாகை. அதாவது கோள் நம் தலைக்கு மேலே, மேற்குப் பக்கம் சிறிது சரிந்தாற்போல் இருக்கிறது. இதனால் நமக்கு விளையும் நன்மை பெரிது. குன்று மறைக்காது, தூரத்துக் காடு மறைக்காது. தலைக்கு மேலே ஒரு துண்டு வானம் திறந்திருந்தால் போதும்.

“ஐயா, தட்டை இன்னும் உயரத்தில் வைத்தால் படம் இன்னும் தெளிவாக வருமா?” என்று பெற்றோர் பலர் கேட்பதுண்டு. ஏரியல் காலத்துப் பழக்கம் அது. ஏரியலுக்கு உயரம் உதவும், ஏனென்றால் அது குன்றுக்கு மேலே எட்டிப் பார்க்க வேண்டும். தட்டுக்கோ, 36,000 கிலோமீட்டரில் கூரையின் பத்தடி என்பது ஒரு கணக்கே அல்ல. தரையிலிருந்து நாலடி உயரத்தில் நிற்கும் தட்டுக்கும், கூரை உச்சியில் நிற்கும் தட்டுக்கும் படத்தில் எந்த வேறுபாடும் கிடையாது. வேறுபாடு ஏறுகிறவருக்குத்தான். தோட்டத்து வீடுகளின் கூரை பெரும்பாலும் துத்தநாகத் தகடு. பழைய வீடுகள் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் தகடும் உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் ஆளின் எடையைத் தாங்காமல் திடீரென்று உடையும். அதைத் துளையிட்டால் பறக்கும் தூள் நுரையீரலுக்குக் கேடு. அந்தக் கேடு பல ஆண்டுகள் கழித்துத்தான் தலைகாட்டும். துத்தநாகத் தகட்டில் துளையிட்டால் அன்றே மழை வீட்டுக்குள் இறங்கும். ஆகவே எங்கள் கருத்து இதுதான்: இடம் இருக்குமானால் தட்டை வாசலிலோ கொல்லையிலோ தரையில் ஊன்றிய கம்பத்தில் வையுங்கள். இடமில்லாத அடுக்கு வரிசை வீடுகளில் செங்கல் சுவரில், ஏணியில் நின்று கை எட்டும் உயரத்தில் பொருத்தலாம். கூரை கடைசி வழியாக இருக்கட்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி? ஒரு கணக்குச் சொல்கிறோம். கோள் இருக்கும் பக்கத்தில் உள்ள எந்த மரமும், தட்டைவிட அது எவ்வளவு உயரமோ அதில் நாலில் ஒரு பங்குக்கு மேல் தள்ளியிருந்தால் மறைக்காது. தட்டுக்கு மேல் 40 அடி உயர்ந்த ஒரு தென்னை 10 அடிக்கு அப்பால் நின்றால் கவலையில்லை. வீட்டு இறவாணம் தட்டைவிட எட்டடி உயரமென்றால் இரண்டடிக்குமேல் விலகி நின்றால் போதும். ஆனால் மரம் வளரும் என்பதையும், தென்னை மட்டை பக்கவாட்டில் நீளும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. இன்று இடுப்பளவு நிற்கும் ரம்புத்தான் கன்று நாலைந்து ஆண்டில் தட்டின் கண்ணை மறைத்துவிடும். அப்போது படம் போனதற்குப் பெட்டியைக் குறை சொல்வார்கள்.

கணக்குப் பிடிக்காதவர்களுக்குச் சூரியனே வழிகாட்டி. ஆண்டுக்கு இரு முறை, மார்ச் 18, 19ஆம் நாட்களிலும் செப்டம்பர் 24, 25ஆம் நாட்களிலும், பிற்பகல் இரண்டு மணி வாக்கில், சூரியன் ஏறக்குறைய அந்தக் கோள் இருக்கும் இடத்துக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது. மார்ச்சில் இரண்டு அடித்துச் சில நிமிடம் கழித்து, செப்டம்பரில் இரண்டுக்குச் சற்று முன்னால். அந்த நேரத்தில் நீங்கள் குறித்த இடத்தில் வெயில் விழுந்தால், கோளும் அந்த இடத்தைப் பார்க்கிறது என்று பொருள். மரத்தின் நிழல் விழுந்தால் வேறு இடம் தேட வேண்டும். இதே காரணத்தால், அந்த நாட்களை ஒட்டிச் சில நாள் அதே நேரத்தில் படம் சில நிமிடம் தடைபடுவதும் உண்டு. சூரியனும் அலைகளை வீசும் ஒரு பொருள்தான். அதன் இரைச்சல் கோளின் மெல்லிய குரலை அமுக்கிவிடுகிறது. அது பழுதன்று. தானாகச் சரியாகிவிடும்.

இனி, எதை வாங்குவது என்பதைப் பார்ப்போம்.

மாதம் தவறாமல் பணம் கட்டும் சந்தா முறை ஒன்று. பெட்டியும் தட்டும் ஒரே முறை வாங்கிவிட்டு மாதச் சந்தா இல்லாமல் குறைந்த அலைவரிசைகளைப் பார்க்கும் முறை மற்றொன்று; 2012ஆம் ஆண்டில் ‘என்ஜோய்’ என்ற பெயரில் தொடங்கப்பட்டது இத்தகைய சேவைதான். இரண்டும் ஒரே வானத்து இடத்திலிருந்து வருபவை என்பதால் தட்டும் அதன் திசையும் ஒன்றே. சந்தா கட்ட முடியாமல் போன வீட்டில், நல்ல நிலையிலுள்ள தட்டைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. பெட்டி மட்டுமே மாறும். இதை அறியாமல் முழுத் தொகுப்பையும் புதிதாக வாங்கியவர்கள் உண்டு.

சந்தா முறையில் சேருவதாக இருந்தால், கையொப்பமிடும் தாளில் எத்தனை மாத ஒப்பந்தம், இடையில் நிறுத்தினால் என்ன கட்ட வேண்டும், அறிமுகச் சலுகை முடிந்தபின் மாதக் கட்டணம் என்ன ஆகும் ஆகிய மூன்றையும் கேட்டுப் படித்துக்கொள்ளுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்கள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்து வந்தால் நாங்கள் படித்துச் சொல்கிறோம். இரவில் கதவைத் தட்டி, “அம்மா, இன்றைக்குக் கையெழுத்துப் போட்டால்தான் இந்த விலை” என்று அவசரப்படுத்துகிறவரிடம் மறுநாள் வரச் சொல்லுங்கள். தமிழ் அலைவரிசைகள் எவை கிடைக்கும் என்பதையும் அன்றைய பட்டியலைக் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். அந்தப் பட்டியல் அடிக்கடி மாறும் தன்மையுடையது. “எல்லா அலைவரிசையும் இலவசம், வாழ்நாள் முழுவதும்” என்று சொல்லி விற்கப்படும் பெயர் தெரியாத பெட்டிகளைத் தொடாதீர்கள். பதிப்புரிமையை மீறிக் காட்டும் இத்தகைய கருவிகளை விற்பது 2022 மார்ச் 18 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி குற்றமாகும். குற்றம் ஒருபுறமிருக்க, அந்தப் பெட்டி ஒரு நாள் திடீரென்று நின்றுபோனால் விற்றவரைத் தேடிப் பிடிக்கவும் முடியாது.

வேறு நாட்டுக் கோள்களைப் பிடிப்பதற்காக ஆறடி, எட்டடிப் பெரிய தட்டு வைக்க விரும்புகிறவர்களும் உண்டு. அது வேறு பாடம். பணம் கொடுக்கும் முன் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் அனுமதி பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

நம் தேவைக்கு இரண்டடி அளவுத் தட்டு, அதாவது 60 சென்டிமீட்டரை ஒட்டியது, போதுமானது. தட்டு பெரிதானால் அது அள்ளும் அலையும் மிகுதியாகும். 60 சென்டிமீட்டருக்குப் பதில் 90 வைத்தால் இரண்டேகால் மடங்கு அள்ளும். பெருமழைப் பகுதிகளில் அது ஓரளவு கைகொடுக்கும். ஆயினும் காற்று அடிக்கும்போது அது பாய்மரம்போல் இழுபடும் என்பதால் கம்பமும் அதற்கேற்பக் கனமாக இருக்க வேண்டும். அளவைவிட முக்கியமானது தட்டின் வடிவம் கெடாமல் இருப்பது. கடையிலிருந்து மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டி, செம்மண் சாலையில் குலுக்கிக் கொண்டுவந்த தட்டு கண்ணுக்குத் தெரியாமல் நெளிந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு நூலே போதும். தட்டின் விளிம்பில் மேலிருந்து கீழாக ஒரு நூலும், இடமிருந்து வலமாக ஒரு நூலும் இழுத்துக் கட்டுங்கள். இரண்டும் நடுவில் ஒன்றையொன்று இலேசாகத் தொட்டால் தட்டு சரியானது. ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டாலோ, ஒன்று மற்றதை அழுத்தி வளைத்தாலோ தட்டு முறுக்கிக்கொண்டிருக்கிறது. பழைய தட்டை அக்கம்பக்கத்தில் வாங்குகிறவர்களுக்கு இது மிகவும் பயன்படும்.

தட்டின் முன்னால் கை நீட்டியதுபோல் நிற்கும் கோலின் நுனியில் ஒரு சிறு உறுப்பு இருக்கிறது. அதன் பெயர் எல்.என்.பி. தட்டு வெறும் கண்ணாடி. கைவிளக்கின் உள்ளே பளபளக்கும் குழிந்த தகடு பல்பின் ஒளியை ஒரே திசையில் அனுப்புவதைத் திருப்பிப் போட்டது போல, வானத்து அலையை ஒரே இடத்தில் குவிப்பது மட்டுமே அதன் வேலை. குவிந்ததை வாங்கிக்கொண்டு, பெருக்கி, கேபிளில் செல்லக்கூடிய அளவுக்கு அதிர்வெண்ணைக் குறைத்து அனுப்புவது எல்.என்.பி.தான். அதற்கு வேண்டிய மின்சாரம் பெட்டியிலிருந்து அதே கேபிள் வழியாக ஏறுகிறது; 13 வோல்ட் அல்லது 18 வோல்ட். ஆகவே பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தாமல் கேபிளைக் கழற்றவோ மாட்டவோ கூடாது. உள்கம்பியும் வெளிவலையும் ஒன்றையொன்று தொட்டால் பெட்டி கெட்டுவிடக்கூடும்.

வேலையைத் தொடங்கும் முன் தோட்ட அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வீடு நிர்வாகத்தின் சொத்து. சுவரில் துளையிடுவதற்கும் வாசலில் குழி தோண்டுவதற்கும் எழுத்தில் அனுமதி வாங்கி வைத்தால், கிராணி மாறினாலும் மானேஜர் மாறினாலும் சங்கடம் வராது. குழி தோண்டும் இடத்தில் தண்ணீர்க் குழாய் ஓடுகிறதா என்பதையும் அவர்களிடமே கேட்கலாம். அண்ணாந்து பார்த்து, மின்கம்பி போகும் வழியை விட்டு நன்றாக விலகியே கம்பம் நட வேண்டும். இரும்புக் குழாயைத் தூக்கி நிமிர்த்தும்போது அது மேலே மின்கம்பியைத் தொட்டால் தூக்கியவர் பிழைப்பது அரிது. இதில் விளையாட்டே கூடாது.

கம்பத்துக்கு இரண்டு அங்குல நாகமுலாம் பூசிய இரும்புக் குழாய் நல்லது. அதன் அடியில் குறுக்காக ஒரு ஆணியை முடுக்கி, இரண்டடி ஆழக் குழியில் சிமெண்டுக் கலவை ஊற்றி நிறுத்த வேண்டும். குறுக்காணி இல்லாவிட்டால் காற்றில் குழாய் சிமெண்டுக்குள்ளேயே மெல்லத் திரும்பும். தரைக்குமேல் நாலைந்து அடி போதும்; மாடு உரசாத, பிள்ளைகள் பந்தடிக்காத மூலையாக இருக்கட்டும். கலவை காயும் முன் கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, வடக்கிலிருந்து ஒரு முறையும் கிழக்கிலிருந்து ஒரு முறையும் பார்த்துக் கம்பம் செங்குத்தாக நிற்கிறதா என்று உறுதி செய்யுங்கள். தட்டு பொருத்துகிறவர்கள் படும் பாட்டில் பெரும்பகுதி இந்த ஓர் இடத்தில் காட்டிய அவசரத்தால் வருவது. கம்பம் சாய்ந்திருந்தால் தட்டிலுள்ள பாகை அளவுகள் எல்லாம் பொய்யாகிவிடும். இரண்டு நாள் காயவிட்டுப் பிறகு தட்டை ஏற்றலாம்.

தட்டின் முதுகில் உள்ள தகட்டில் பாகை எண்கள் பொறித்திருக்கும். அதில் 77 வைத்து ஆணியை அரைகுறையாக முடுக்குங்கள். அப்படி வைத்தபின் பார்த்தால் தட்டு அவ்வளவு மேல்நோக்கிப் பார்க்கவில்லையே என்று தோன்றும். அது சரிதான். இத்தகைய தட்டுகள் அலையைக் கண்ணாடியில் ஒளி சாய்ந்து பிரதிபலிப்பதுபோல் சாய்த்து வாங்கும்படி அமைந்தவை, எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழ்ப்பக்கம் தள்ளியிருப்பதும் இதனால்தான். நமக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. தட்டு மல்லாந்து கிடக்காமல் சற்று நிமிர்ந்து நிற்பதால் மழைநீர் தேங்காமல் வழிந்துவிடுகிறது.

திசைக்குக் காந்த ஊசிப்பெட்டி வேண்டும். கைப்பேசியில் உள்ளதும் உதவும். கம்பத்தின் அருகே வைத்துப் பார்த்தால் இரும்பு ஊசியை இழுக்கும். பத்தடி தள்ளி நின்று பார்த்து, அந்தத் திசையில் தூரத்தில் ஓர் அடையாளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வடக்கை 0 என்று வைத்து வலமாக எண்ணினால், கெடாவில் சுங்கை பட்டாணிப் பக்கம் 238 பாகை. கோலாலம்பூர், சிலாங்கூர்ப் பக்கம் 253. ஜொகூரில் குளுவாங் பக்கம் 260. வடக்கே போகப் போகத் தென்மேற்கை நெருங்கும், தெற்கே வர வர நேர் மேற்கை நெருங்கும். எல்.என்.பி.யின் கழுத்தையும் அதன் கையேட்டில் சொன்ன அளவுக்குத் திருகி வைக்க வேண்டும். இதுவும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

இனி ஒருவர் தட்டருகே, ஒருவர் தொலைக்காட்சி அருகே. பெட்டியில் ‘பலம்’, ‘தரம்’ என்று இரண்டு கோடுகள் காட்டும் பக்கத்தைத் திறந்து வையுங்கள். தட்டை ஒரு விரற்கடை நகர்த்தி, நாலைந்து எண்ணும்வரை நிறுத்தி, பிறகு அடுத்த விரற்கடை. பெட்டி அலையை அறிந்து காட்டச் சில விநாடிகள் ஆகும். வேகமாகத் திருப்பினால் கோளைக் கடந்து போயிருப்போம், கோடு அசைந்திருக்காது. இரண்டடித் தட்டின் விளிம்பு அரை சென்டிமீட்டர் நகர்ந்தாலே பார்வை ஒரு பாகை மாறிவிடும். அந்த ஒரு பாகை கோளின் தூரத்தில் 600 கிலோமீட்டருக்கும் மேல்! கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் போகும் தூரத்தைவிட அதிகம். பொறுமை வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுதான். பலம் நிறைய இருந்து தரம் வராவிட்டால் வேறொரு கோளைப் பிடித்திருக்கலாம், அல்லது எல்.என்.பி. திருகல் தவறாக இருக்கலாம். நாம் நம்ப வேண்டியது தரக்கோட்டைத்தான். அது உச்சிக்கு வந்ததும் ஆணிகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்குங்கள். ஒரே ஆணியை முழுவதும் முடுக்கினால் தட்டு இழுபட்டுப் போகும். முடுக்கி முடித்தபின் மறுபடி கோட்டைப் பாருங்கள்.

கேபிள் ஆர்.ஜி.6 என்று அச்சிட்டதாக இருக்கட்டும். பழைய ஏரியலின் மெலிந்த கேபிள் இதற்கு ஆகாது. நூறடிக்குள் முடித்துக்கொள்வது நலம். முனையில் திருகும் உலோகத் தலையை மாட்டும்போது வெளிவலையின் ஒரு மயிரிழைகூட நடுக்கம்பியைத் தொடக்கூடாது. தட்டுப் பக்கத்து இணைப்பின் மேல் நீர் புகா நாடாவை இழுத்துச் சுற்ற வேண்டும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு வளையம் விட்டு நுழைத்தால், மழைநீர் வளையத்தின் அடியில் சொட்டிவிடும், உள்ளே வராது. ஓராண்டு, ஈராண்டு கழித்துப் படம் மங்கத் தொடங்கினால் தட்டைத் தொடும் முன் இந்த இணைப்பைத் திறந்து பாருங்கள். பச்சை பிடித்திருந்தால் முனையை வெட்டிப் புதிதாக மாட்டினாலே சரியாகிவிடக்கூடும். எல்.என்.பி.யின் அடியில் குளவி கூடு கட்டுவதும் உண்டு. கை வைக்கும் முன் கவனித்துக்கொள்ளுங்கள்.

பெருமழையில் படம் போவதைப் பற்றிச் சொல்லாமல் இந்த உரை முடியாது. இந்த அலையின் நீளம் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர். நம் நாட்டு மழைத்துளிகளோ பருத்தவை. இத்தனை குறுகிய அலையைத் துளிகள் உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. எவ்வளவு நன்றாகப் பொருத்திய தட்டும் கொட்டும் மழையில் சில நிமிடம் கண்ணை மூடும். மழை தணிந்ததும் படம் வரும். அந்த நேரத்தில் ஓடிப்போய்த் தட்டைத் திருப்புகிறவர்தான் படத்தை முழுவதுமாக இழக்கிறார். சிறு தூறலுக்கே படம் போனால் மட்டும் தட்டின் திசை சற்று விலகியிருக்கிறது என்று கொள்ளலாம். வெயில் நாளில் சரிபாருங்கள்.

சில வேளைகளில் குறை வானத்திலேயே இருக்கும். 2021 ஜூன் 21ஆம் நாள் மீசாட் 3 கோளில் கோளாறு ஏற்பட்டு, அலைவரிசைகள் பல தடைபட்டன. அவை அதே இடத்தில் நிற்கும் துணைக் கோள்களுக்கு மாற்றப்பட்டதால், வீட்டுத் தட்டுகளைத் திருப்ப வேண்டிய தேவையே எழவில்லை. மறு ஆண்டு ஜூன் 22ஆம் நாள் மீசாட் 3டி என்ற புதிய கோளும் ஏவப்பட்டது. ஆகவே திடீரென்று தெளிந்த வானத்தில் படம் போனால், முதலில் பக்கத்து வீட்டில் கேளுங்கள். அங்கும் இல்லையென்றால் தட்டில் கை வைக்காதீர்கள்.

உலகில் இடி மின்னல் மிகுந்த நாடுகளில் நம் நாடும் ஒன்று. வெட்டவெளியில் நிற்கும் இரும்புக் கம்பத்திலிருந்து தரைக்கு ஒரு தடித்த செம்புக் கம்பியை இறக்கி, எர்த் கோலுடன் இணைப்பது நல்லது. இதை மின்பணியாளரிடம் விட்டுவிடுங்கள். இது மின்னல் நேரே விழுவதைத் தடுக்காது. ஆதலால் வானம் கறுத்து இடி தொலைவில் கேட்கும்போதே பெட்டியின் பிளக்கையும் கேபிளையும் பிடுங்கித் தள்ளி வையுங்கள். இடி தலைக்கு மேல் வந்தபின் கேபிளைத் தொடக்கூடாது. வீட்டில் பெரியவர்கள் பிரட்டுக்களத்திலும் காட்டிலும் இருக்கும் நேரத்தில் மழை வரும். ஆகவே பள்ளிவிட்டு வந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்து வையுங்கள்.

தோட்டம் விற்கப்பட்டு, குடும்பங்கள் வேறிடம் போக நேர்வதையும் இந்நாளில் பார்க்கிறோம். தட்டைக் கழற்றும் முன் பாகைத் தகட்டில் ஆணி நின்ற இடத்தையும், எல்.என்.பி.யின் திருகலையும் சாயத்தால் குறித்துக்கொள்ளுங்கள். கம்பம் சிமெண்டோடு போகட்டும்; தட்டு, எல்.என்.பி., பெட்டி மூன்றும் நம்மோடு வரும். சந்தாக்காரர்கள் நிறுவனத்துக்குப் புதிய முகவரியை எழுதித் தெரிவிக்க வேண்டும். அதே மாநிலத்துக்குள் போனால் குறித்த அளவிலேயே வைத்துத் தேடலாம். கெடாவிலிருந்து ஜொகூருக்குப் போகிறவர்கள் உயரக் கோணத்தை ஓரிரு பாகை தாழ்த்தி, எல்.என்.பி.யின் திருகலைப் புதிதாக அமைத்து, திசையை மேற்குப் பக்கமாக இருபது பாகைக்குச் சற்றுமேல் திருப்பித் தேடத் தொடங்கினால், கோள் அங்கே அகப்படும்.